முன்கண்ணாடியில் ஒரு கூட்டல் குறி

நனைத்த பஞ்சால் அண்ணனின் உதட்டை அவள் ஒற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு டூட்டி டாக்டர் வந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கண்ணில் தூக்கமுமாக ஓர் இளைஞர். நிலைமையைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டும், யாரிடம் பேசலாம் என்று கேட்டார். கால்மாட்டில் நின்றிருந்த அண்ணி வாயைத் திறப்பதற்குள், ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்த சித்தப்பா அவளை நோக்கிக் கையைக் காட்டிவிட்டார்.

“அவகிட்டயே பேசுங்க சார். எங்க வீட்டு டாக்டர். கேன்சருக்கே டாக்டர்.”

இளைஞரின் முகம் மாறியது. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுவதற்கென்று வைத்திருந்த முகத்தைக் கழற்றிவிட்டு, தன் வர்க்கத்தாரிடம் பேசும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“எந்த டிபார்ட்மென்ட், மேடம்?”

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பின்னாடி பில்டிங்,” என்றாள்.

“ஆங்காலஜியா?”

“அந்தப் பக்கம்தான்.”

பொய் என்று யாரும் அவளைக் கூண்டில் ஏற்ற முடியாது. புற்றுநோய்ப் பிரிவைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தையும் ஜெனரேட்டர் அறையையும் தாண்டிப் போனால் அவள் வேலை பார்க்கும் பழைய கட்டடம் வரும். அந்தப் பக்கம்தான். அங்கே நோயாளிகள் கிடையாது, கம்ப்யூட்டர்கள் உண்டு. எந்தத் தெருக்காரர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது, யார் காலாகாலத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், யார் முற்றவிட்டு வருகிறார்கள், நடுவில் அவர்களுக்கு என்ன ஆனது என்று ஊரையே ஒரு மொத்தமாக எடுத்துக்கொண்டு பார்க்கும் ஆராய்ச்சி. முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு அதில் மேற்கொண்டு பயிற்சி தருகிறார்கள். அப்படிப் பயிற்சி பெறும் சிறு கூட்டத்தில் அவள் ஒருத்தி. யாருடைய நாடியையும் அவள் ஒருநாளும் பிடித்துப் பார்த்ததில்லை. ஊசி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள்.

டூட்டி டாக்டர் அதன் பிறகு அவளிடம் மட்டும் பேசினார். பாதிப் பேச்சு எழுத்துகளாலும் எண்களாலும் ஆனது. ரத்தத்தில் இது இறங்குகிறது, அது ஏறுகிறது, நுரையீரலைச் சுற்றி மறுபடியும் நீர் கோத்துவிட்டது. செயற்கைச் சுவாச மெஷினில் போடலாம், போட்டால் எடுக்க முடியுமா என்பது சந்தேகம். “உங்களுக்கே தெரியும் மேடம், நீங்களே ஜட்ஜ் பண்ணிக்கலாம்,” என்று முடித்தார். அவள் தலையை ஆட்டினாள். இந்த எண்களை எல்லாம் அவள் கட்டுரைகளில் பார்த்திருக்கிறாள், ஆயிரக்கணக்கான பேருடைய சராசரியாக. ஒற்றை மனிதனின் கட்டிலுக்கு மேல் அவை தொங்கி அவள் பார்த்ததில்லை.

கேட்க அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. இவர் உங்க அண்ணனா இருந்தா நீங்க என்ன செய்வீங்க? வேறு எந்தத் தங்கையும் கேட்டிருப்பாள், அந்த இளைஞரும் மனம் இளகி ஒரு பதில் சொல்லியிருப்பார். ஆனால் டாக்டர்கள் டாக்டர்களிடம் அப்படிக் கேட்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. அண்ணன் செத்துக்கொண்டிருக்கும் அறையில் நின்றுகொண்டு, குட்டு வெளிப்படுமே என்று பயந்தாள். கேள்வியை விழுங்கினாள்.

டாக்டர் குனிந்து அண்ணனிடமே கேட்டார். அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சுதான் போய்விட்டது. தொண்டையில் துளை போட்டதிலிருந்து அவன் பேசியதெல்லாம் கையால்தான். ஓட்டுநர் பள்ளி நடத்தியவனுக்குக் கைஜாடைக்குப் பஞ்சமா? தாகம் என்றால் ஒன்று, வலி என்றால் ஒன்று, சித்தப்பா அறுக்கிறார், வெளியே அனுப்பு என்றால் ஓரங்கட்டச் சொல்லும் சிக்னல். இப்போது போர்வைக்கு மேல் கிடந்த கை மெல்ல எழுந்தது. வண்டி திரும்பப் போகிறது என்று பின்னால் வருகிறவனுக்குக் காட்டுவதுபோல் அவள் பக்கம் நீண்டு, அப்படியே நின்றது.

“அவர் சொல்லிட்டார். நீ சொல்றதுதான்,” என்றாள் அண்ணி.

“மெஷின் வேண்டாம்,” என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் அவள் டாக்டர் என்றுதான் தோன்றும்.

சரிதானா என்று அவளுக்குத் தெரியாது. ஒருவேளை சரியாகவே இருக்கலாம். டூட்டி டாக்டர், “குட் டிசிஷன் மேடம்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் அவள் சொல்லத்தான் செய்தாள். பட்டம் வாங்கிய அன்று, “அண்ணா, இது அந்த டாக்டர் இல்ல, படிச்சு ஆராய்ச்சி பண்ணிக் குடுக்கற டாக்டர்,” என்று விளக்கினாள். கேன்சர் பத்தித்தானே என்று கேட்டான். கேன்சர் பத்தித்தான் என்றாள். அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் பள்ளிக்கு வந்தவன் போனவன் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். மறுநாளே எங்கிருந்தோ டாக்டர்கள் வண்டியில் ஒட்டும் சிவப்புக் கூட்டல் குறி ஒன்றை வாங்கிவந்து பயிற்சி வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டினான். தினமும் காலையில் அவளை அந்த வண்டியில்தான் கொண்டுபோய் விடுவான். கூரைமேல் ஓட்டுநர் பள்ளியின் பலகை, முன்னால் கற்றுக்குட்டிக்கான சிவப்பு எழுத்து, அதற்கு மேலே டாக்டருக்கான சிவப்புக் குறி. வாசல் காவலாளி முதல்நாள் குழம்பிப்போய்ப் பார்த்தார். இரண்டாம் நாள் சலாம் வைத்துக் கட்டையைத் தூக்கினார்.

பட்டத்துக்கு அப்புறமும் அவள் பயிற்சியில் இருக்கிறாள் என்பதைத்தான் அண்ணனால் ஜீரணிக்க முடியவில்லை. “லைசென்ஸ் குடுத்தப்புறம் எவனாவது எல் போர்டு மாட்டுவானா?” என்பான். அவள் சிரிப்பாள். விளக்கிச் சொல்லியிருக்கலாம், நாளாக ஆக விளக்குவதை நிறுத்திவிட்டாள். டாக்டர் என்றானதும் சித்தப்பா அவளுடைய கல்யாணப் பேச்சை எடுப்பதை விட்டார். வீட்டு விசேஷத்துக்குப் போனால் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்கள். வண்டி பழக வந்த பெண்கள் கூச்சத்தோடு ஃபோன் செய்து கட்டியைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களை எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினாள். யாரும் அவளை நம்பிக் கெட்டுப் போகவில்லை, அண்ணனைத் தவிர. பிடித்திருந்தது அவளுக்கு. அதுதான் விஷயம். அப்படிக் கூப்பிட்டது பிடித்திருந்தது.

மத்தியானம் அண்ணனின் மூச்சு இடைவெளி விட ஆரம்பித்தது. போர்வைக்குள் அவனுடைய வலது பாதம் மட்டும் அவ்வப்போது முன்னால் அமுங்கித் திரும்பியது. அது அவனுடைய தொழில் வியாதி. பயிற்சி வண்டியில் ஆசிரியரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் இவர் அமுக்கி நிறுத்த வேண்டும். வருஷக்கணக்காக அதிலேயே இருந்தவனுக்குச் சாப்பாட்டு மேஜையிலும் கால் சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில், தூக்கத்தில் உதைக்கிறார் என்று அண்ணி மாமியாரிடம் புகார் சொன்ன கதை குடும்பத்தில் பிரசித்தம்.

அண்ணி அந்தப் பாதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோ தலைமாட்டில் நின்று அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா டீ குடிக்கப் போயிருந்தார். வராந்தாவில் யாரோ தரையைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

“நின்னுடுச்சு,” என்றாள் அண்ணி.

மானிட்டரைப் பார்த்து அவள் தெரிந்துகொள்வதற்கு முன்பே அண்ணிக்குக் கையில் தெரிந்துவிட்டது. அப்போதும் அண்ணி நிமிர்ந்து, அவள் உறுதிப்படுத்துவாள் என்று காத்திருந்தாள். அவள் நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

வீட்டுக் கூடத்தில் மேஜையையும் டிவியையும் ஒதுக்கிவிட்டு அண்ணனைக் கிடத்தினார்கள். வாசலில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. தகனத்துக்கு மறுநாள் காலையில் நேரம் கிடைத்திருந்தது. அவனிடம் வண்டி பழகியவர்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். அவன் தங்களை எப்படியெல்லாம் திட்டினான் என்று ஒவ்வொருவரும் பெருமையாகச் சொன்னார்கள். ஒரு பெண் ரிவர்ஸ் எடுத்துக் குப்பைத் தொட்டியில் மோதியபோது, “தொட்டிக்கு லைசென்ஸ் இருக்கு, உனக்குத்தான் இல்ல,” என்றானாம். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் ஓவென்று அழுதாள்.

வருகிறவர்கள் எல்லோரும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இப்படி முத்தவிட்டீங்க என்று ஏதாவது ஒரு விதத்தில் கேட்டார்கள். சிலர் நேராகவே கேட்டார்கள். அண்ணி ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

“எங்க பக்கம் ஒரு குறையும் வைக்கலங்க. தொண்டை கம்முன அன்னிக்கே டாக்டர்கிட்டதான் சொன்னோம். நம்ம வீட்டு டாக்டர்தானே. விதி, வேற என்ன.”

கேட்டவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்து, தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியம் வருவதற்கு முன்பே அது வரப்போகிறது என்று தெரிந்தது. எழுந்து உள்ளே போனாலும் சமையலறை வரை கேட்டது.

அவளுடைய பயிற்சியில், முற்றவிட்டு வந்தவர்களிடம் பேசுவதற்கென்றே ஒரு பாடம் உண்டு. பாடம் எடுக்கும் பேராசிரியையே நோயாளியாக நடித்து உட்காருவார். பயிற்சிக்காரர்கள் ஒவ்வொருவராக எதிரில் உட்கார்ந்து பேட்டி காண வேண்டும். ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க என்று கேட்டுவிட்டால் பேராசிரியை எழுந்து போய்விடுவார். அப்படிக் கேட்டால் கூனிக் குறுகிப் போவார்கள், அப்புறம் உண்மை வராது என்பார். அதற்குப் பதிலாக, உடம்பில் முதலில் என்ன தெரிந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். யாரிடம் என்பதற்கு வீட்டாள், அக்கம்பக்கம், மருந்துக்கடைக்காரர், டாக்டர் என்று தனித்தனிப் பிரிவு இருக்கிறது. முதலிலேயே டாக்டரிடம் சொன்னவருக்குத் தாமதக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் எது நடந்தாலும் அவர் பொறுப்பில்லை.

அண்ணனை எந்தப் பிரிவில் போடுவது? அவன் டாக்டரிடம்தான் சொன்னான். அவனைப் பொறுத்தவரை தாமதமே கிடையாது. குரல் கம்மியதும் அவன் முதலில் ஃபோன் செய்தது அவளுக்குத்தான். அதற்கு அவள் சொன்ன பதில் அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். இப்போது அவளுக்கு மட்டும்.

சாயங்காலம் அண்ணி டீ போடச் சமையலறைக்கு வந்தபோது, சொல்லிவிடுவது என்று அவள் தீர்மானித்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். “அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தாள்.

அண்ணி பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பி, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ இருந்ததாலதான் நான் நிமிர்ந்து பதில் சொல்றேன். இல்லன்னா ஊர் என்னைத்தான் கொன்னிருக்கும், புருஷனைக் கவனிக்காம விட்டவன்னு. நானே என்னைக் கொன்னிருப்பேன்.”

பால் பொங்கி வந்தது. அண்ணி விலகிப் போய் அடுப்பைத் தணித்தாள். இப்போது சொன்னால் தன் பாரம் இறங்கும், அது அண்ணியின் தலையில் ஏறும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாமல் இருப்பது அண்ணிக்காகத்தானா, தனக்காகவா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

அந்த நேரத்தில்தான் அவள் கட்டடத்து ஆட்கள் வந்தார்கள். பேராசிரியையும் கூடப் பயிற்சியில் இருக்கும் இரண்டு பேரும். ஒருவன் புள்ளியியல்காரன், எந்த எண்ணைச் சொன்னாலும் புள்ளிக்கு அப்புறம் என்ன என்று கேட்பதால் அவனுக்குத் தசமம் என்று பெயர். இன்னொருத்தி முடியைக் கத்தரித்துவிட்டுக்கொண்ட பெண். வைத்தியம் படித்து, சில காலம் கிளினிக் வைத்து, அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். மூன்று பேரும் அண்ணனின் கால்மாட்டில் மாலையை வைத்துவிட்டு நின்றார்கள். பேராசிரியை அவள் தோளைத் தொட்டார்.

சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாவு வீடு என்பதையும் மறந்து, “டாக்டருங்க வந்திருக்காங்க, வழி விடுங்க,” என்று இடம் பண்ணிக்கொடுத்தார். உட்கார வைத்தார். பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைத் தசமத்தின் பக்கம் நீட்டினார். இங்கே பட்டாணி மாதிரி ஒன்று உருளுகிறது, அண்ணன் மகன் போன பிறகு பயமாக இருக்கிறது, ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் என்றார்.

தசமம் பின்னால் சாய்ந்த வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

“ஐயா, நான் அந்த டாக்டர் இல்லீங்க. நான் கணக்குப் போடறவன். எங்கள்ல வைத்தியம் படிச்சவங்க இவங்க ஒருத்தங்கதான்,” என்று முடி கத்தரித்த பெண்ணைக் காட்டினான்.

“அப்ப எங்க பொண்ணு?”

“அவங்களும் என்னை மாதிரிதாங்க.”

வஞ்சகம் இல்லாமல், உதவி செய்கிற குரலில்தான் சொன்னான். அவளை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. சித்தப்பா காலரைப் பிடித்த கையை எடுக்காமலே அவளைப் பார்த்தார். பேராசிரியையும் அவளைத்தான் பார்த்தார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் அதே பொறுமையான பார்வை. அவரிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று பயிற்சியில் எல்லோருக்கும் தெரியும். ஆமா, நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அப்போதுதான் சமையலறை வாசலில் தட்டுடன் அண்ணி நிற்பதைக் கண்டாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பிறகு அண்ணி நடந்து வந்தாள். பேராசிரியைக்கு ஒன்று, தசமத்துக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. கடைசியில் அவளிடம் வந்து தட்டை நீட்டினாள். அவள் எடுத்துக்கொண்டாள். அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“பெரிய படிப்பு படிச்சவங்க அப்படித்தான் தன்னடக்கமாச் சொல்லுவாங்க,” என்று சித்தப்பா பொதுவாக அறிவித்தார். முடி கத்தரித்த பெண் எழுந்து வந்து அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் வந்து முறையாகக் காட்டிவிடுங்கள் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். ஒரு நிஜ டாக்டருக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் எப்படி முத்தவிட்டீங்க என்று கேட்டார்கள். அண்ணி பதில் சொல்லவில்லை. அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வெறுமனே தலையை ஆட்டினாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அது வராதது வந்ததைவிட மோசமாக இருந்தது. மறுநாள் தகனம் முடிந்து வீடு திரும்பும்வரை அண்ணி அவளிடம் பேசியதெல்லாம் சாவி எங்கே, நாற்காலிக்காரன் வந்தானா என்கிற அளவில்தான். கோபமாகவும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்கு எதையாவது பிடித்துக்கொள்ளக் கிடைத்திருக்கும்.

அதற்கும் அடுத்த நாள் காலை ஆக்ஸிஜன் மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசி மாதங்களில் வாடகைக்கு எடுத்தது. அவளும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பயிற்சி வண்டியின் பின் இருக்கையில் ஏற்றினார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அண்ணி திரும்பிப் போனாள்.

அவள் வண்டியின் முன்னால் வந்து நின்றாள். கூட்டல் குறி வெயிலில் வெளிறி ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. கைக்குட்டையை நனைத்துக் கொஞ்ச நேரம் அதன்மேல் அழுத்திப் பிடித்தாள். பிறகு நகத்தால் ஒரு முனையைச் சுரண்டினாள். அண்ணன் எதையும் பாதியாகச் செய்கிற ஆள் இல்லை, நன்றாகத்தான் ஒட்டியிருந்தான். விடாமல் சுரண்டியதில் முனை கொஞ்சம் எழும்பியது.

“அன்னிக்கு உனக்கு ஃபோன் பண்ணாரே, தொண்டையைப் பத்தி,” என்று பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. “நீ என்ன சொன்ன?”

அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். எப்படிக் கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று பழகியிருக்கிறாள். பதில் சொல்லிப் பழகவில்லை. அண்ணி பொறுத்திருந்தாள்.

“கத்திக் கத்தி வீங்கியிருக்கும், வெந்நீர் குடின்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“சரியாகலன்னா டாக்டர்கிட்ட காட்டுன்னு சொன்னேன்.”

“அதுக்கு அவரு?”

“அதான் காட்டிட்டேனேன்னான்.”

“நீ என்ன சொன்ன?”

அவள் கைக்குட்டையைப் பார்த்தாள். அந்த வாரம்தான் பயிற்சியில் அவள் ஒரு பாடம் எடுத்திருந்தாள். எந்தெந்த அறிகுறியை மக்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பற்றி. நாள்கணக்கில் ஆறாத குரல் கம்மல் அதில் முதல் வரி. நன்றாக இருந்தது என்று பேராசிரியை பாராட்டியிருந்தார். அந்த சந்தோஷத்தில் இருந்தபோதுதான் ஃபோன் வந்தது.

“சிரிச்சேன் அண்ணி.”

எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை இறக்கிக்கொண்டு போனார். அண்ணி அவர் போகும்வரை காத்திருந்தாள்.

“நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியிருந்தேன்,” என்றாள். “வர மாட்டேன், வர மாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம். கையைப் பிடிச்சு இழுத்து வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டேன். செருப்பெல்லாம் போட்டுட்டாரு. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு உனக்குப் போட்டாரு. பேசிட்டு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்துட்டாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. திட்டினால் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள். எதுவும் வராமல் போகவே, நிற்க முடியாமல் மறுபடியும் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தாள். நகக்கண்ணில் பசை அப்பியது. அண்ணி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடு. அவர் ஒட்டினது. இருக்கட்டும்.”

எழும்பியிருந்த முனையின்மேல் அண்ணி கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஈரத்தில் அது ஒட்டாமல் எழும்பியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். ஒட்டிக்கொள்ளும்வரை விரலை எடுக்காமல் நின்றாள்.

பிறகு சுற்றி வந்து அண்ணன் உட்காரும் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவள் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். தெருமுனைத் திருப்பத்தில் காலை வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். அண்ணி தன் காலடியில் இருந்த அந்த இன்னொரு பிரேக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, அதில் பட்டுவிடாமல் கால்களைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.